பழைய மானிட்டர் உறைகள்: பிரித்து விற்பதா, கலந்து வலுவாக்குவதா?

போன மாதம் அக்கா மகன் போன் செய்தான். பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையின் இரண்டாம் ஸ்டேஜில் ஷெட் பிடித்து, ஒரே ஒரு கிரைண்டரை வைத்துக்கொண்டு, பழைய கணினி, பிரிண்டர், யுபிஎஸ் ஆகியவற்றின் பிளாஸ்டிக் உறைகளை அரைத்து விற்கிறவன். "மாமா, ஒரு பழைய ட்வின் ஸ்க்ரூ எக்ஸ்ட்ரூடர் விலைக்கு வருது. அரைச்சு விக்கிறதுல கையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. எல்லாத்தையும் கலந்து உருக்கி, ஏதோ கெமிக்கல் போட்டா வலுவான குருணையா வருமாம். நல்ல விலைக்குப் போகுமாம். எடுக்கட்டுமா?" என்று கேட்டான். எக்ஸ்ட்ரூடர் என்றால் பிளாஸ்டிக்கை உருக்கி, கலந்து, வெளியே தள்ளும் எந்திரம்.

நான் கிண்டியில் சிப்பெட் என்ற பிளாஸ்டிக் பொறியியல் நிறுவனத்தில் படித்தவன். 20 வருடங்களுக்கு மேல் பெங்களூரு மோல்டிங் ஷாப்களில் வேலை பார்த்திருக்கிறேன். இதே கேள்வியை ஜாலி மொஹல்லாவில் காயலான் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் இரண்டு மூன்று பேர் ஏற்கெனவே கேட்டிருக்கிறார்கள். அப்போதெல்லாம் டீக்கடையில் நின்றபடி பாதி பதில் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். இந்த முறை முழுதாக யோசித்தேன். யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீராமபுரத்தில் மெட்ரோ ஏறி, பீன்யா இண்டஸ்ட்ரியில் இறங்கி, அவன் ஷெட்டுக்குப் போனேன். எந்திரத்தைப் பார்க்கலாம் என்று கிளம்பினான். முதலில் மூட்டையைக் கொட்டு என்றேன்.

தார்ப்பாயில் கொட்டிய மூட்டை

கீபோர்டுகள், எல்சிடி மானிட்டரின் பின்மூடிகள், சிபியு பெட்டியின் முகப்புகள், பிரிண்டர் தட்டுகள், யுபிஎஸ் கூடுகள், ரவுட்டர்கள், எங்கிருந்தோ வந்த வாஷிங் மெஷின் பாகங்கள், பழைய டிவியின் பின்பக்கம் ஒன்று. பார்வைக்கு எல்லாமே கறுப்பு, சாம்பல், பழுப்பேறிய வெள்ளை. ஆனால் உள்ளே இருப்பது ஆறேழு வகைப் பிளாஸ்டிக்.

கீபோர்டு உடலும் சிபியு முகப்பும் பெரும்பாலும் ஏபிஎஸ். அக்ரிலோநைட்ரைல், பியூடடைன், ஸ்டைரீன் மூன்றும் சேர்ந்தது. அதில் இருக்கும் பியூடடைன் ரப்பர்தான் அடி தாங்குகிறது. பழைய டிவி உறை, ஃபிரிட்ஜின் உள்சுவர், பிரிண்டரின் சில பாகங்கள் ஹிப்ஸ், அதாவது ரப்பர் கலந்த பாலிஸ்டைரீன். லேப்டாப்பும் மெல்லிய மானிட்டரும் பாலிகார்பனேட்டும் ஏபிஎஸ்ஸும் சேர்ந்த கலவையாக இருக்கும். வாஷிங் மெஷின் தொட்டி பாலிப்ரொப்பிலீன். வயர்களின் மேலுறை பிவிசி. மின்கழிவின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பிளாஸ்டிக்தான் என்று பொதுவாகச் சொல்வார்கள். செம்பும் தங்கமும் எடுத்த பிறகு யாரும் திரும்பிப் பார்க்காத அந்த ஐந்தில் ஒரு பங்குதான் இவன் ஷெட்டுக்கு வந்து சேர்கிறது.

இவனுக்கு முன்னால் இருக்கும் வழிகள் நான்கு. வகை பிரித்து அரைத்து விற்கலாம். எல்லாவற்றையும் ஒன்றாக உருக்கிக் கலவையாக்கலாம். சேரக்கூடிய ஜோடியை மட்டும் பொறுக்கி வலுவான கலவை செய்யலாம். எதுவும் வேண்டாமென்றால் சிமெண்ட் சூளைக்கோ நடைபாதைக் கல் செய்பவருக்கோ மொத்தமாகத் தள்ளிவிடலாம்.

கடைசி வழியை இங்கேயே முடித்துவிடுகிறேன். அழுக்கும் கலப்படமும் மிஞ்சிய குப்பைக்கு அது சரியான போக்கிடம். அடி தாங்கும் ஏபிஎஸ்ஸை மண்ணோடு கலந்து கல்லாக்குவது மட்டும் எனக்கு மனசு ஒப்பாத காரியம். அந்த ஏபிஎஸ் இன்னும் பத்து வருடம் வேறொரு கருவியின் உடலாக உழைக்கக்கூடியது.

எல்லாவற்றையும் ஒன்றாக உருக்கினால்

அவனுக்கு ஆசை காட்டப்பட்ட வழி இது. அதனால் இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டு பிளாஸ்டிக்கை உருக்கினால் அவை சர்க்கரையும் தண்ணீரும் போலக் கரைந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான ஜோடிகள் அப்படிக் கரைவதில்லை. ஒன்று கடலாகவும் இன்னொன்று அதில் மிதக்கும் துளிகளாகவும் நின்றுவிடும். குளிர்ந்த பிறகும் அப்படியேதான் இருக்கும். துளிக்கும் கடலுக்கும் நடுவில் பிடிப்பு இருக்காது. வளைத்தால், தட்டினால், விரிசல் அந்த எல்லையைப் பிடித்துக்கொண்டே ஓடும். இரண்டும் தனித்தனியாக நல்ல வலுவோடு இருந்தும் கலவை இரண்டையும்விட நொய்ந்து போவது இதனால்தான்.

இதை நான் கையால் பார்த்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு யூனிட்டில் ஏபிஎஸ் என்று எழுதி வந்த அரைத்த மூட்டையை நம்பி ஒரு கருவிப் பெட்டிக்கு மூடி வார்த்தோம். வார்த்தபோது பளபளவென்று வந்தது. ஸ்க்ரூ முறுக்கியபோது, ஸ்க்ரூ இறங்கும் கால்கள் ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன. உடைத்துப் பார்த்தால் வெங்காயச் சருகு மாதிரி அடுக்கடுக்காக உரிந்தது. உள்ளே டால்க் மாவு கலந்த பாலிப்ரொப்பிலீன் புகுந்திருந்தது. முழு லாட்டும் திரும்பி வந்தது. அந்த வாடிக்கையாளர் அதன் பிறகு எங்களிடம் வரவே இல்லை.

சரி, அந்த "ஏதோ கெமிக்கல்" என்ன செய்யும்? அதன் பெயர் கம்பேட்டிபிலைசர். தமிழில் நான் இணக்கி என்று சொல்லிக்கொள்கிறேன். எண்ணெய்க் குளியலை நினைத்துக்கொள்ளுங்கள். தலையில் எண்ணெய் இருக்கும்போது வெறும் தண்ணீர் ஊற்றினால் வழிந்து ஓடிவிடும். சீயக்காய் போட்டால் அதன் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கிறது, இன்னொரு முனை தண்ணீரைப் பிடிக்கிறது. இணக்கியும் அப்படித்தான். எஸ்இபிஎஸ் என்ற ரப்பரின் ஓரங்கள் பாலிஸ்டைரீனோடு ஒட்டும், நடுப்பகுதி பாலிப்ரொப்பிலீனோடு இணங்கும். அதனால் அந்த இரண்டுக்கும் நடுவில் பாலமாக நிற்கும். மெலீக் அன்ஹைட்ரைடு ஒட்டவைத்த வகைகள் நைலானின் முனையோடு வேதிவினையே செய்து பிடித்துக்கொள்ளும். துளிகள் சின்னதாகும், எல்லை இறுகும், விரிசல் ஓட வழி குறையும். இது உண்மையான அறிவியல். கலவை நிஜமாகவே வலுவாகும். சிப்பெட்டின் புவனேஸ்வர் ஆய்வுக்கூடம் உட்பட நம் நாட்டிலேயே மின்கழிவுப் பிளாஸ்டிக்கில் இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள்.

ஆனால் ஒரு சீயக்காய் எல்லா அழுக்கையும் எடுக்காது. ஒரு ஜோடிக்கு ஏற்ற இணக்கி இன்னொரு ஜோடிக்கு உதவாது. மூட்டைக்குள் ஆறு வகை இருந்தால் பதினைந்து ஜோடி ஆகிறது. எதற்கென்று போடுவது? அடுத்து, இணக்கி பொதுவாக நூறு கிலோவுக்கு மூன்றிலிருந்து எட்டு கிலோ வரை தேவைப்படும். நீங்கள் அரைத்து விற்கும் பொருளைவிடப் பல மடங்கு விலையுள்ள சரக்கு அது. இந்த வாரம் வந்த மூட்டையில் ஹிப்ஸ் அதிகம், அடுத்த வாரம் ஏபிஎஸ் அதிகம் என்றால் அளவும் வாராவாரம் மாற வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் வெப்பம். ஏபிஎஸ் 200 முதல் 240 டிகிரிக்குள் உருகி ஓடும். பாலிகார்பனேட் கலந்தால் 240 முதல் 270 வரை வேண்டும். பிவிசி 200 டிகிரியைத் தாண்டும் முன்பே சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகையை விட ஆரம்பிக்கும். ஒரு கைப்பிடி வயர் உறை உள்ளே போனால் போதும். பாலிகார்பனேட்டின் மூலக்கூறுச் சங்கிலி அறுபடும், ஸ்க்ரூவும் பேரலும் அரிக்கப்படும், எந்திரத்தின் முன் நிற்கிற பையனின் நெஞ்சு எரியும். இதற்கு எந்த இணக்கியும் மருந்து இல்லை.

பிரித்து விற்பது

இப்போது அவன் செய்துகொண்டிருப்பது பாதிப் பிரிப்பு. நிறம் பார்த்துப் பிரிக்கிறான், வகை பார்த்து அல்ல. அதனால்தான் வாங்குகிறவர் "மிக்ஸ் ஏபிஎஸ்" என்று விலையைக் குறைக்கிறார்.

வகை பிரிக்கப் பெரிய எந்திரம் வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஒளியை வைத்துப் பிரிக்கும் அகச்சிவப்பு எந்திரங்கள் கறுப்புப் பிளாஸ்டிக்கைப் பார்க்கத் திணறும், ஏனென்றால் கறுப்புக்குப் போட்ட கரித்தூள் அந்த ஒளியை விழுங்கிவிடுகிறது. மின்கழிவுப் பிளாஸ்டிக்கில் நிறையவே கறுப்பு. அங்கே கையும் கண்ணும்தான் முந்தும். அவன் ஷெட்டில் தர்மபுரி பக்கத்திலிருந்து வந்த ஒரு அக்கா இருக்கிறார். ஒரு துண்டை நகத்தால் கீறி, ஓரத்தை லேசாக வளைத்து, "இது பளபளப்பா கெட்டியா இருக்கு, இது ஏபிஎஸ் கூடை. இது மங்கலா, மெத்துனு வெள்ளையா மடங்குது பாருங்க, இது டிவி கூடை" என்று பிரித்துப் போட்டார். நான் சரிபார்த்த வரையில் பெரும்பாலும் சரியாக இருந்தது.

அவர் விட்ட சந்தேகத்தைத் தீர்க்க மூன்று எளிய சோதனைகள் போதும். முதலில் பாகத்தின் உட்பக்கத்தைப் பார்க்க வேண்டும். 20, 25 கிராமுக்கு மேல் உள்ள பாகங்களில் பெரும்பாலும் வகையைப் பொறித்திருப்பார்கள். 'பிசி+ஏபிஎஸ்-எஃப்ஆர்(40)' என்று இருந்தால் பாலிகார்பனேட் கலவை. அந்த 40 என்பது ஹாலஜன் (புரோமின், குளோரின் போன்றவை) இல்லாத பாஸ்பரஸ் வகைத் தீத்தடுப்பி என்று பொருள். பொறிப்பு இல்லையென்றால் இரண்டாவது சோதனை: ஆரஞ்சுத் தோல் எண்ணெயான லிமொனீன் ஒரு சொட்டு. ஹிப்ஸ் பிசுபிசுத்துக் கரையும், ஏபிஎஸ்ஸுக்கு ஒன்றும் ஆகாது. அசிட்டோன் வைத்தால் இரண்டுமே இளகும், பாலிப்ரொப்பிலீன் அசையாது. மூன்றாவது சோதனையைப் பிறகு சொல்கிறேன்.

லைட்டரால் கொளுத்தி மூக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். நாயண்டஹள்ளியில், டெல்லி சீலம்பூரில், மும்பை தாராவியில், எல்லா இடத்திலும் இது நடக்கிறது. முகர்ந்து முகர்ந்து தெரிந்துகொள்கிற அந்தத் திறமை உண்மையானது. ஆனால் ஒவ்வொரு முகர்விலும் போகிற புகையின் விலையை முகர்கிறவர்தான் கொடுக்கிறார்.

அரைத்த பிறகு தண்ணீர்த் தொட்டி. பாலிப்ரொப்பிலீனின் அடர்த்தி 0.9, மிதக்கும். ஏபிஎஸ் 1.05, ஹிப்ஸ் 1.04, இரண்டும் மூழ்கும். தொட்டியில் சில சொட்டு சோப்புத் திரவம் விடுங்கள், இல்லையென்றால் காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டு மூழ்க வேண்டியதும் மிதக்கும். ஏபிஎஸ்ஸும் ஹிப்ஸும் இவ்வளவு நெருக்கமான அடர்த்தி என்பதால் தொட்டி அவற்றைப் பிரிக்காது. அதற்கு மின்னூட்டம் ஏற்றிப் பிரிக்கும் எந்திரம் இருக்கிறது. ஒரு சின்ன ஷெட்டுக்குக் கட்டாது. அதேபோல, டால்க் 20 சதவீதம் கலந்த பாலிப்ரொப்பிலீனும் 1.04-க்கு வந்துவிடும். எங்கள் மூடியைக் கெடுத்தது அதுதான். ஆகவே வாஷிங் மெஷின் பாகங்களை அரைக்கும் முன்பே ஒதுக்க வேண்டும். ஒரு முறை அரைத்துவிட்டால் எந்தத் தொட்டியும் திருப்பித் தராது.

இந்த வழியில் முதலீடு குறைவு, ஆபத்து குறைவு. விலை ஓரளவுதான் ஏறும். ஏனென்றால் பிரித்தாலும் பழைய பொருள் பழைய பொருள்தான். ஏபிஎஸ்ஸில் உள்ள ரப்பர் வருடக்கணக்கில் வெயிலும் சூடும் பட்டு ஆக்ஸிஜனேற்றமாகி இறுகியிருக்கும். பழுப்பேறிய வெள்ளை கீபோர்டு அதன் அடையாளம். அரைத்து விற்பவர் அந்த நொய்மையையும் சேர்த்தே விற்கிறார்.

இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகளில், மறுசுழற்சி செய்பவருக்குக் கிடைக்கும் ஈபிஆர் சான்றிதழ்கள் (கழிவுக்குப் பொறுப்பான உற்பத்தியாளர்கள் காசு கொடுத்து வாங்குபவை) தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு ஆகியவற்றுக்குக் கணக்கிடப்படுகின்றன. பிளாஸ்டிக்குக்கு அந்த வழியில் காசு இல்லை. அதனால் பிளாஸ்டிக் தன் சொந்தத் தரத்தில்தான் விலை பெற வேண்டும். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனால் முடிவு எடுக்கும்போது இதைக் கணக்கில் வைத்தே ஆக வேண்டும்.

ஜோடி பார்த்துக் கலப்பது

என் மனசு சாய்வது இந்தப் பக்கம்.

பிளாஸ்டிக்குகளில் இயல்பாகவே ஒத்துப்போகும் ஜோடிகள் சில உண்டு. பாலிகார்பனேட்டும் ஏபிஎஸ்ஸும் அப்படி. ஏபிஎஸ்ஸின் ஸ்டைரீன்-அக்ரிலோநைட்ரைல் பகுதிக்கும் பாலிகார்பனேட்டுக்கும் இயற்கையாகவே ஓரளவு ஒட்டுதல் இருக்கிறது. அதனால் இணக்கி மிகக் குறைவாகப் போதும், சில நேரம் தேவையே இல்லை. ஏபிஎஸ் கலவையைச் சுலபமாக ஓட வைக்கிறது. பாலிகார்பனேட் அடி தாங்கும் வலுவையும் சூடு தாங்கும் திறனையும் தருகிறது. லேப்டாப் கம்பெனிகள் புதிதாகவே இந்தக் கலவையைச் செய்து வாங்குவது இதற்காகத்தான். பழைய மின்கழிவிலிருந்து எடுத்த பிளாஸ்டிக்கைப் புதுக் கணினியில் மறுபடி போட முடியும் என்பதை டெல் 2014-லேயே ஆப்டிப்ளெக்ஸ் 3030-ல் செய்து காட்டியிருக்கிறது. ஆகவே இது ஆசைக் கனவு இல்லை.

பெங்களூருக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. நம் வீட்டு வாசலில் வந்து இறங்கும் 20 லிட்டர் தண்ணீர் கேனில் நல்ல நீல நிறக் கேன்கள் பல பாலிகார்பனேட். அடியில் 7 என்ற எண் இருக்கும். 1 என்று இருந்தால் அது பெட், அதாவது சோடா பாட்டில் பிளாஸ்டிக், இந்தக் கலவைக்கு அதைத் தொடக் கூடாது. கேனுக்குப் பயன்படுத்தும் பாலிகார்பனேட் நீளமான சங்கிலி கொண்டது, கெட்டியாக உருகும், வலு அதிகம். சிடி தட்டும் பாலிகார்பனேட்தான், ஆனால் அது மெல்லிய அச்சுக்குள் ஓடுவதற்காகக் குட்டையான சங்கிலியோடு செய்தது. சிடியைக் கலந்தால் ஓட்டம் கூடும், வலு கூடாது. கீறலும் விரிசலும் விழுந்து ஒதுக்கப்பட்ட கேனையும் கீபோர்டு ஏபிஎஸ்ஸையும் சேர்த்தால் கிடைக்கும் கலவை, வெறும் பழைய ஏபிஎஸ்ஸைவிடப் பல படி மேலே நிற்கும்.

களைத்துப்போன ரப்பருக்கு மாற்றாகப் புது ரப்பரும் கொடுக்கலாம். ரப்பர் அதிகமுள்ள ஏபிஎஸ் பொடி, எம்பிஎஸ் பொடி என்று கிடைக்கிறது. நூறுக்கு ஐந்து முதல் பத்து கிலோ சேர்த்தால் இழந்த அடிதாங்கும் திறனில் நல்ல பங்கு திரும்பும். கொஞ்சம் புதுப் பொருள் கலப்பதும் வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை.

இந்த வழியில் உயிர்நாடி உலர்த்துவது. பாலிகார்பனேட்டில் ஈரம் 0.02 சதவீதத்துக்கு மேல் இருந்தால், உருகும் சூட்டில் அந்தத் தண்ணீரே சங்கிலியை அறுத்துவிடும். வெளியே பார்த்தால் வெள்ளிக் கோடுகள் தெரியும், அல்லது ஒன்றுமே தெரியாது. கீழே போட்டால்தான் தெரியும். தனிப் பாலிகார்பனேட்டுக்கு 120 டிகிரியில் மூன்று நான்கு மணி நேரம். ஏபிஎஸ்ஸுக்கு 80 முதல் 85 டிகிரியில் இரண்டிலிருந்து நான்கு மணி நேரம். இரண்டையும் தனித்தனியாக உலர்த்திவிட்டுத்தான் கலக்க வேண்டும். தொட்டியில் கழுவி, ஷெட்டு வாசலில் வெயிலில் காயவைத்து உள்ளே போடுவது பாலிப்ரொப்பிலீனுக்குச் சரி, இதற்குச் சரிப்படாது. ஜூலை மாதம் பெங்களூரு வெயிலை நம்பி யாரும் வடகம்கூடப் போட மாட்டார்கள்.

ஹிப்ஸையும் ஏபிஎஸ்ஸையும் கலக்கலாமா என்று அவன் கேட்டான். பெயரில் ஸ்டைரீன் இரண்டிலும் இருக்கிறது, ஆனாலும் அவை ஒத்துப்போவதில்லை. பிரித்த பிறகும் தவறிப்போய்ச் சில சதவீதம் ஹிப்ஸ் தங்கியிருந்தால் எஸ்இபிஎஸ் அல்லது அதே குடும்பத்து எஸ்பிஎஸ் ரப்பர் கொஞ்சம் போட்டுச் சமாளிக்கலாம். இணக்கியின் சரியான இடம் அதுதான். நன்றாகப் பிரித்த பிறகும் மிஞ்சிய பிழையை ஆற்றுவதற்கு அது. பிரிக்காமல் விட்டதை மறைப்பதற்கு அதை வாங்கினால் காசுதான் கரையும்.

புரோமின்

இந்தப் பகுதியை யாரும் தாண்டிப் படிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். முன்னே சொல்லாமல் விட்ட மூன்றாவது சோதனையும் இங்கேதான் வருகிறது.

பழைய டிவி உறை, பழைய மானிட்டர், யுபிஎஸ் கூடு இவற்றில் தீப்பிடிக்காமல் இருக்கப் புரோமின் சேர்மங்களைக் கலந்திருப்பார்கள். அவற்றில் பிபிடிஇ எனப்படும் வகை உடலிலும் மண்ணிலும் மீனிலும் தங்கிச் சேர்ந்துகொண்டே போவது. ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2009-ல் அதன் பழைய வகைகளையும், 2017-ல் டெக்கா என்ற வகையையும் ஒழிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டு மின்கழிவு விதிகளிலும் புதுக் கருவிகளில் அது 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆனால் 15, 20 வருடத்துக்கு முந்தைய டிவி இன்றைக்குத்தானே காயலான் கடைக்கு வருகிறது. அதை அரைத்து, கறுப்புச் சாயம் போட்டு, பொம்மையாகவோ தோசைக் கரண்டியின் கைப்பிடியாகவோ வார்த்தால், ஒழிக்க வேண்டிய நஞ்சு குழந்தையின் கைக்கும் அடுப்படிக்கும் வந்துவிடுகிறது. பல நாடுகளில் கறுப்புப் பிளாஸ்டிக் பொம்மைகளிலும் சமையல் கருவிகளிலும் இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். கலவையை எவ்வளவு வலுவாக்கினாலும் இந்த நஞ்சு போகாது.

ஒதுக்க ஒரு மலிவான வழி உண்டு. புரோமின் கலந்த ஏபிஎஸ், ஹிப்ஸ் இரண்டும் கனமானவை, அடர்த்தி 1.15-க்கு மேல். 100 லிட்டர் தண்ணீரில் 13 கிலோ உப்பைக் கரைத்தால் அடர்த்தி 1.08-ஐத் தொடும். ஒரு கண்ணாடி ஹைட்ரோமீட்டர் வாங்கி அளந்துகொள்ளுங்கள். அதில் மிதப்பது பெரும்பாலும் புரோமின் இல்லாத ஏபிஎஸ், ஹிப்ஸ். மூழ்குவதைத் தனியாக வைக்க வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பாலிகார்பனேட்டின் அடர்த்தி 1.2, அதன் ஏபிஎஸ் கலவை 1.1-க்கு மேல். அவையும் உப்புத் தண்ணீரில் மூழ்கும். அதாவது நமக்கு மிகவும் வேண்டிய சரக்கும், தொடவே கூடாத சரக்கும் ஒன்றாகத் தொட்டியின் அடியில் போய்ச் சேரும். அங்கே போன பிறகு இரண்டையும் பிரிக்க இந்த ஷெட்டில் வழியே இல்லை. ஆகவே பாலிகார்பனேட் பாகங்களைப் பொறிப்பைப் படித்து, அரைக்கும் முன்பே, முழுத் துண்டாக இருக்கும்போதே கையால் எடுத்துவிட வேண்டும். முழுத் தொழிலிலும் இந்த ஒரு நிமிட வேலைக்கு ஈடான வேலை கிடையாது. சந்தேகம் வந்தால் அந்த மூன்றாவது சோதனை, செம்புக் கம்பிச் சோதனை: பழுக்கக் காய்ச்சிய கம்பியில் ஒரு சின்னச் சிராய்ப்பை ஒட்டித் தீயில் காட்டினால், புரோமினோ குளோரினோ இருந்தால் தீ பச்சையாக எரியும். வெட்டவெளியில், காற்றுக்கு முதுகு காட்டி, கடுகளவு துண்டில் செய்ய வேண்டும். எக்ஸ் கதிரால் தனிமங்களைக் கண்டறியும், கையில் பிடிக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவி சில நொடிகளில் சொல்லிவிடும். அதன் விலை இப்போது அவனுக்கு எட்டாது. நாலைந்து ஷெட்காரர்கள் சேர்ந்து வாங்கினால் எட்டும்.

உப்புத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. வடிகட்டி மறுபடி மறுபடி பயன்படுத்த வேண்டும். 2024 கோடையில் இந்த ஊரில் போர்வெல் வற்றி டேங்கருக்கு வரிசையில் நின்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். பீன்யா பக்கத்துக் கழிவு விருஷபாவதியை என்ன செய்திருக்கிறது என்பதை மைசூர் ரோட்டில் போகிற எவரும் மூக்கால் அறிவார்கள்.

எக்ஸ்ட்ரூடரை என்ன செய்வது

மாலையில் எந்திரத்தையும் போய்ப் பார்த்தோம். ட்வின் ஸ்க்ரூ என்பது நல்ல விஷயம்தான். ஒற்றை ஸ்க்ரூ உருக்கித் தள்ளும், ஆனால் துளிகளைப் போதுமான அளவு நொறுக்காது. கலவைக்கு இரட்டை ஸ்க்ரூதான் வேண்டும். ஆனால் இந்த எந்திரத்தின் ஸ்க்ரூ விளிம்புகள் தேய்ந்திருந்தன, வேக்குவம் பம்ப் இல்லை, உலர்த்தி கிடையாது. வாங்கினால் வாங்கிய விலையைப் போல இன்னொரு பங்கு செலவு வைக்கும். அவனுக்கு இன்னும் மாதாமாதம் ஒரே தரத்தில் சரக்கு வருவதில்லை. எந்திரம் நின்றாலும் வட்டி நிற்காது.

நான் சொன்னது இது. எந்திரம் இப்போது வேண்டாம். பிரிப்பு மேசையை முதலில் சரி செய். தொட்டி இரண்டு, ஹைட்ரோமீட்டர் ஒன்று, மேசைக்கு மேலே நல்ல வெளிச்சம், காற்றை வெளியே இழுக்கும் ஃபேன், முகக்கவசம். ஹிப்ஸையும் பாலிப்ரொப்பிலீனையும் பெயர் எழுதித் தனித்தனி மூட்டையாக விற்றுவிடு. அதற்கே இப்போதைவிட நல்ல விலை வரும். பாலிகார்பனேட், ஏபிஎஸ் ஜோடியை மட்டும் சேர்த்து வைத்து, நல்ல காம்பவுண்டிங் யூனிட் ஒன்றில் ஜாப் ஒர்க்காகக் கொடுத்து ஓட்டு. புரோமின் மூட்டையைச் சிவப்புப் பெயிண்ட் அடித்து ஓரமாக வைத்து, அனுமதி பெற்ற ரீசைக்கிளரிடம் ரசீதோடு ஒப்படை. நம் தும்கூர் ரோட்டிலேயே, தாபஸ்பேட்டையில், நாட்டின் முதல் அங்கீகரிக்கப்பட்ட மின்கழிவு ஆலை 2005-லிருந்து இருக்கிறது. தூரம் ஒரு சாக்கு இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியையும் ஒழுங்காக வாங்கிவிடு. ஐடி கம்பெனிகளின் சரக்குதான் ஒரே மாதிரி, சுத்தமாக, பாலிகார்பனேட் அதிகமாக வரும். காகிதம் இல்லாதவனுக்கு அந்தக் கதவு திறக்காது.

"அப்போ எக்ஸ்ட்ரூடர் எப்ப மாமா?" என்றான். மாதம் ஒரு நாள் ஜாப் ஒர்க் போய் வாரம் ஒரு நாளாக மாறி, வாங்குகிறவர் அதே குருணையை மூன்றாவது முறை கேட்கும்போது யோசிக்கலாம் என்றேன். அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அந்தத் தர்மபுரி அக்காவைப் பற்றியும் பேசினேன். அவருக்கு இப்போது தினக்கூலி. அவர் கையில்தான் கலவையின் வலு இருக்கிறது. தவறான ஒரு துண்டு கூடை மாறினால் நூறு கிலோ கெடும். மாதச் சம்பளமும் இஎஸ்ஐயும் கொடுத்து, பொறிப்புகளைப் படிக்கக் கற்றுக்கொடுத்தால் அவர்தான் இந்த யூனிட்டின் தர ஆய்வாளர். அவன் சரி என்றான். மறுநாளே பொறிப்புகளைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டியிருக்கிறான். படம் அனுப்பினான். நான்கு கூடை, நான்கு நிறம். அக்கா ஐந்தாவதாக ஒன்று கேட்டு வாங்கியிருக்கிறார், "சந்தேகம்" என்று எழுதி.

வருகிற வியாழக்கிழமை முதல் 50 கிலோ ஜாப் ஒர்க்குக்குப் போகிறது. கேன் பாலிகார்பனேட்டும் கீபோர்டு ஏபிஎஸ்ஸும், மூன்று விகிதத்தில். ஒவ்வொன்றிலும் ஐசோட் சோதனைக்கு (ஊசல் சுத்தியலால் அடித்து, அடி தாங்கும் திறனை அளப்பது) பட்டைகள் வார்த்து உடைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். எண்கள் எழுதிய தாளோடு நிறுத்தாமல் உடைந்த துண்டுகளையும் பொட்டலம் கட்டி வாங்கி வரச் சொன்னேன். முறிந்த இடம் வெளுத்து, இழுபட்டு, சொரசொரப்பாக இருக்கிறதா, வழுவழுவென்று அடுக்காக உரிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். அடுத்த 50 கிலோவுக்கு எந்த விகிதம் என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்யப்போகிறோம்.